காலையில் கடலைப் பார்த்து, மாலையில் ரோட்டைப் பார்த்து: நண்பர்களோடு கடற்கரையில் போன் படம் எடுப்பது எப்படி

சென்னையில் நாலு பேர் சேர்ந்து எங்கே கிளம்பினாலும் பாதி நாள் அது பெசன்ட் நகரிலோ மெரினாவிலோதான் போய் முடியும். வீட்டுக்கு வந்து படங்களைத் திறந்தால் முகம் இருட்டாக, வானம் வெள்ளையாக, முடியெல்லாம் கண்ணில் விழுந்திருக்கும். பழி போன் மேல் விழும். ஆனால் சூரியன் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம், லென்ஸ் துடைத்திருக்கிறதா என்ற மூன்றையும் கவனித்தால் பன்னிரண்டாயிரம் ரூபாய் போனிலேயே நல்ல படம் வரும். இதைக் கவனிக்காதவருக்கு லட்ச ரூபாய் போன் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

முதலில் லென்ஸைத் துடையுங்கள்

நம்மூர்க் காற்றில் ஈரம் அதிகம். ஏசியைக் கூட்டி வைத்த காரிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்கிப்போகிறது அல்லவா, அதே படலம் போன் லென்ஸிலும் படிகிறது. சின்ன லென்ஸ் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. படத்தில் மட்டும் எல்லாம் பால் கலந்த மாதிரி இருக்கும். துடைத்தாலும் கண்ணாடி சில்லென்று இருக்கும் வரை ஈரம் மறுபடி படியும். அதனால் இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஏசியை அணைத்து ஜன்னலை இறக்கிவிடுங்கள். டூவீலரில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது எதிரி உப்பு. அலைக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும், லென்ஸில் மெல்லிய உப்புத் திரை ஏறிவிடும். தெருவிளக்கைப் படம் பிடித்தால் அதிலிருந்து வெளிச்சம் கோடாக இழுத்துக்கொண்டு போவது இதனால்தான். சட்டை நுனியால் உடனே தேய்க்காதீர்கள், துணியில் ஒட்டியிருக்கும் மணல் லென்ஸைக் கீறும். முதலில் ஊதி மணலைத் தள்ளிவிட்டு, துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய பருத்தி வேட்டித் துண்டாலோ மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியாலோ மெல்ல ஒற்றி எடுங்கள். உப்பு காய்ந்து ஒட்டியிருந்தால் துணியின் ஒரு மூலையைக் குடிதண்ணீரில் நனைத்துக்கொள்ளலாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இதைச் செய்தாக வேண்டும்.

எப்போது போவது

நமக்குக் கடல் கிழக்கே. சூரியன் தண்ணீருக்கு மேலே வரும், ஊருக்குப் பின்னால் போகும். மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வருகிறது.

மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் சூரியன் 5:40-ஐ ஒட்டி உதிக்கும். ஜனவரி கடைசியில் 6:35-ஐ ஒட்டி. உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே மணலில் நிற்க வேண்டும், ஏனென்றால் வானத்தில் நிறம் ஏறுவது சூரியன் வருவதற்கு முன்னால்தான். அடிவானத்தில் மேகம் இருந்தால் சூரியன் பத்துப் பதினைந்து நிமிடம் தாமதமாகத்தான் தலைகாட்டும், ஏமாந்து திரும்பிவிடாதீர்கள். மெரினா என்றால் காமராஜர் சாலையிலிருந்து தண்ணீர் வரை மணலில் நடக்கவே ஐந்தாறு நிமிடம் ஆகும், அதையும் கணக்கில் சேருங்கள். பெசன்ட் நகரில் மணல் அவ்வளவு அகலம் இல்லை, நடை குறைவு.

இன்னொரு விஷயம். சூரியன் வருடம் முழுக்க நேர்க் கிழக்கில் உதிப்பதில்லை. ஜூனில் வடக்கே தள்ளி, டிசம்பரில் தெற்கே தள்ளி, இரண்டு பக்கமும் சுமார் 24 டிகிரி நகரும். பெசன்ட் நகரின் ஷ்மிட் நினைவு மண்டபத்தையும் சூரியனையும் ஒரே படத்தில் பிடிக்க நினைப்பவர்கள் மே மாதத்தில் நின்ற இடத்திலேயே டிசம்பரிலும் போய் நின்றால் சூரியன் மண்டபத்தின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகியிருக்கும். கிழக்கே கடல் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்றால் கோடையில் சூரியன் இடது கைப் பக்கம், மார்கழியில் வலது கைப் பக்கம்.

காலைப் படம், மாலைப் படம்

காலையில் கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து நண்பர்களை நிறுத்தினால் முகம் கருத்துப்போகும். கருநிழல் உருவமாக எடுக்க ஆசை என்றால் அதுதான் சரியான இடம். வானத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும், பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்துக் குறையுங்கள். எல்லோரும் ஒட்டி நிற்காமல் ஆளுக்கு ஆள் ஒரு முழம் இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு பாறை மாதிரி தெரிவார்கள். பக்கவாட்டில் திரும்பி நின்றால் மூக்கும் தாடையும் தெளிவாக விழும்.

முகம் தெரிய வேண்டுமென்றால் இடத்தை மாற்றுங்கள். எடுப்பவர் தண்ணீர்ப் பக்கம் போகட்டும், நண்பர்கள் கடலைப் பார்த்து நிற்கட்டும். உதயத்துக்குப் பின் முதல் இருபது, முப்பது நிமிடம் முகத்தில் மஞ்சள் பூசிய மாதிரி வெளிச்சம் விழும். அதற்குப் பிறகு எல்லோரும் கண்ணைச் சுருக்குவார்கள். அப்போது கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஒன்று, இரண்டு எண்ணி, மூன்றில் திறக்கச் சொல்லுங்கள். திறந்த அந்த நொடியில் கண் சுருங்கியிருக்காது. எடுப்பவர் ஒரு கண்ணை அலை மேலேயே வைத்திருக்க வேண்டும். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் அலை ஆளை இழுக்கும், முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்பது வேண்டவே வேண்டாம். கணுக்கால் ஈரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாலையில் எல்லாம் தலைகீழ். வெயில் ஊர்ப் பக்கமிருந்து வரும், நண்பர்கள் ரோட்டைப் பார்த்து நின்றால் முகத்தில் வெளிச்சமும் பின்னால் நீலக் கடலும் கிடைக்கும். அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டால் மணலில் வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடும்.

இங்கேதான் காற்று வேலையைக் காட்டும். மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். ரோட்டைப் பார்த்து நிற்பவரின் முதுகில் காற்று மோதும், நீள முடி முழுக்க முன்னால் பறந்து முகத்தை மூடும், புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் அப்படியே. விடிகாலையில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து வீசும் என்பதால் கடலைப் பார்ப்பவருக்கும் இதே கதிதான், வேகம் மட்டும் குறைவு. ஐப்பசி கார்த்திகையில் வாடை வடக்கிலிருந்து வரும். தீர்வு எளிது. நேராக நிற்காமல் முக்கால் பாகம் திரும்பி நிற்க வேண்டும், காற்று ஒரு கன்னத்தில் படும்படி. அப்போது முடி ஒரே பக்கம் பின்னோக்கிப் பறக்கும், அதுவே படத்துக்கு அழகாகவும் இருக்கும். பின்னல் போட்டவர்களைக் காற்று வரும் பக்கம் நிறுத்துங்கள், விரித்த முடிக்காரர்களைக் கடைசியில். இல்லாவிட்டால் ஒருவர் முடி அடுத்தவர் வாயில்.

குரூப் போட்டோ

எல்லோரையும் உள்ளே அடைக்க, கேமரா திரையில் 0.5 என்று காட்டும் அகல லென்ஸுக்குப் போவதுதான் பெரும்பாலானவர் செய்யும் தவறு. அகல லென்ஸ் ஓரத்தில் இருப்பதை இழுத்துவிடும். ஓரத்தில் நிற்பவரின் தோளும் முகமும் பக்கவாட்டில் வீங்கித் தெரியும், அவர் அந்தப் படத்தை யாருக்கும் அனுப்ப விட மாட்டார். 1-லேயே வைத்து, மூன்று நான்கு எட்டு பின்னால் போங்கள். ஒருவரை மட்டும் எடுக்கும்போது 2 வைத்து இன்னும் தள்ளி நின்றால் மூக்கு பெரிதாகத் தெரியாது. முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் நீட்டிய செல்ஃபியில் மூக்கு பெரிதாவதற்குக் காரணம் அந்த நெருக்கம்தான்.

ஐந்து பேர் வரை ஒரே வரிசை போதும். ஆறு, ஏழு என்றால் மூன்று பேரை மணலில் உட்கார வைத்து, மற்றவர்களைப் பின்னால் நெருக்கி நிறுத்துங்கள். போனை நிற்பவர்களின் நெஞ்சு உயரத்தில், சாய்க்காமல் நேராகப் பிடிக்க வேண்டும். மேலே தூக்கிச் சாய்த்தால் கால் குட்டையாகும். அடிவானக் கோடு யார் கழுத்தையும் வெட்டக் கூடாது. அது கழுத்தில் போனால் இரண்டு அங்குலம் போனை இறக்குங்கள், கோடு தோளுக்குக் கீழே வந்துவிடும்.

ஒரு தடவை அழுத்திவிட்டு நிறுத்தாதீர்கள். ஏழு பேரில் ஒருவராவது கண் சிமிட்டுவார், தொடர்ந்து எட்டுப் பத்துப் படம் எடுத்தால் ஒன்றிரண்டு தேறும்.

எடுப்பவரே படத்தில் இல்லாமல் போவது பெரிய குறை. கும்பலில் ஒரே ஆள் எப்போதும் கேமராமேன் ஆகிவிடுவார், வருடக் கடைசியில் பார்த்தால் அவர் முகம் எதிலும் இருக்காது. ஸ்டாண்டு இல்லையென்றால் செருப்பு போதும். இரண்டு செருப்பை மணலில் ஆழமாகக் குத்தி நிறுத்தி, நடுவே போனைப் படுக்கை வாட்டில் செருகி, சற்றுப் பின்னோக்கிச் சாய்த்துவையுங்கள். டைமரைப் பத்து நொடி வையுங்கள், மூன்று நொடியில் யாரும் மணலில் ஓடி வந்து சேர முடியாது. போன் தரையோடு இருப்பதால் நின்றால் மூக்குத் துவாரம்தான் தெரியும், எல்லோரும் உட்கார்ந்துவிடுங்கள். சார்ஜ் போடும் துளை மணல் பக்கம் இருக்கக் கூடாது. செருகுவதற்கு முன் போனை ஒரு பிளாஸ்டிக் ஜிப் கவரில் போட்டு, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விட்டால் நிம்மதி.

வழியில் போகிறவரிடம் கொடுப்பதானால், எங்கிருந்து எப்படி என்பதை நீங்களே பிடித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள். “அண்ணா, இங்கேயே நின்னு, இந்தப் பட்டனை நாலஞ்சு வாட்டி அழுத்துங்க” என்றால் போதும்.

நிறம்

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பல போன்களில் முகத்தை அழகாக்கும் வசதி வாங்கும்போதே ஓடிக்கொண்டிருக்கும். அது தோலை மாவு மாதிரி வழவழப்பாக்கி, இரண்டு மடங்கு வெளுத்துக் காட்டும். கேமராவைத் திறந்து, பியூட்டி என்று இருப்பதைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள், முன் கேமராவுக்குத் தனியாக ஒரு தடவை. மாநிறமும் கருப்பும் அதன் சொந்த நிறத்தில்தான் அழகு. வெயில் பட்ட கன்னத்தின் மினுமினுப்பை அந்த மாவுப் பூச்சு முழுக்க அழித்துவிடும்.

ஒரே படத்தில் நல்ல கருப்பு நிறத்தவரும் சிவந்த நிறத்தவரும் இருந்தால் கருப்பு நிற நண்பரை வெளிச்சம் வரும் பக்கம் நிறுத்துங்கள், அவர் முகத்தைத் தொட்டு அளவைப் பூட்டுங்கள். மற்றவர்கள் முகம் ரொம்ப வெளுத்தால் சூரியக் குறியை ஒரு துளி இறக்கினால் சரியாகிவிடும். பின்னால் வெள்ளைச் சுவர், வெள்ளை மண்டபம் இருந்தால் போன் பயந்துபோய் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், அப்போதும் முகத்தைத் தொடுவதுதான் வழி.

மற்ற சில இடங்கள்

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் குளம் கோயிலுக்கு மேற்கே இருக்கிறது. குளத்தின் மேற்குக் கரையில் நின்று எடுத்தால் மாலை வெயிலில் கோபுரம் வண்ணத்தோடு ஜொலிக்கும், காலையில் அதே இடத்தில் கருநிழல்தான். கிழக்கே இருக்கும் உயரமான ராஜகோபுரத்துக்கு இதற்கு நேர்மாறாகக் காலை வெயில். சன்னதிக்குள் போன் வெளியே வரக் கூடாது.

தி.நகர் கடைத்தெருவில் இரவில் வீடியோ எடுத்தால் விளக்குகள் துடிப்பதும், திரையில் பட்டை பட்டையாக ஓடுவதும் நடக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு முறை மினுக்குகிறது. நொடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 படம், ஓடும் வீடியோவோடு அது பொருந்தாது. செட்டிங்ஸில் 25-க்கு மாற்றலாம், அல்லது புரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைக்கலாம்.

பௌர்ணமி நிலா கடலிலிருந்து எழுவதைப் படம் பிடிக்க முந்தின நாளே போங்கள். அன்று நிலா சுமார் ஐம்பது நிமிடம் முன்னதாக எழும், வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும். நிலாவும் நண்பர் முகமும் ஒரே படத்தில் தெரியும். பௌர்ணமி அன்று இருட்டிய பிறகு எடுத்தால் நிலா வெறும் வெள்ளைப் பொட்டு.

பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் குப்பத்துப் படகுகள் காலை வெயிலில் அற்புதமாக இருக்கும். அது அவர்கள் வீட்டு வாசல், வேலை செய்யும் இடம். காயப் போட்ட வலையை மிதிக்காதீர்கள், படகில் ஏறி உட்காராதீர்கள். ஆட்களை எடுப்பதானால் “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள். சுண்டல் விற்கும் பிள்ளைகளை அவர்களுடைய பெரியவர்கள் சம்மதம் இல்லாமல் எடுக்கவே வேண்டாம்.

மே மாத மதியத்தில் போன் சூடாகித் திரை மங்கினால் நிழலில் வைத்துக் கவரைக் கழற்றுங்கள். ஐஸ் மேல் வைத்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

படங்களைப் பகிர்வது

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது கூகுள் போட்டோஸில் எல்லோரும் சேர்க்கும்படி ஒரு பொது ஆல்பம் திறந்து லிங்க்கைக் குரூப்பில் போடுங்கள். அனுப்புவதற்கு முன் கண் மூடியதையும் மங்கியதையும் அழித்து, இருநூறில் இருபதைத் தேர்ந்தெடுங்கள். இன்ஸ்டாவில் ஏற்றுவதற்கு முன் அந்த இருபதையும் ஒரு இரவு குரூப்பில் விட்டுவையுங்கள், தன் படம் வேண்டாம் என்று யாராவது சொன்னால் எடுத்துவிடலாம்.