‘சிஸ்டம் சேஞ்ச்’ கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 ஜூலை 9 அன்று கொழும்பில், ‘சிஸ்டம் சேஞ்ச்’ (ஆட்சி முறை மாற்றம்) கேட்டுப் போராடிய மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 14ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பதவி விலகினார். 20ஆம் திகதி அந்த இடத்துக்குத் தெரிவானவர், ‘நீங்களும் போங்கள்’ என்று போராட்டக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்த பிரதமர் ரணில் விக்கிரமசிங்க.

இதைச் சதி என்பவர்கள் அரசியலமைப்பின் 40ஆவது உறுப்புரையைப் படிப்பதில்லை. முதல் தவறு அதுதான். ஜனாதிபதி பதவி இடையில் வெற்றிடமானால், மீதிக் காலத்துக்கு ஒருவரைத் தெரிவுசெய்வது பாராளுமன்றம். அதுவும் இரகசிய வாக்கெடுப்பில். அப்போதிருந்த பாராளுமன்றம் 2020 ஓகஸ்டில் வந்தது. 225 இடங்களில் கோட்டாபயவின் கட்சியான பொதுஜன பெரமுனவிடம் 145. போராட்டக் களமான காலி முகத்திடலில் எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் அந்தப் பெட்டியில் அவர்களுக்கு ஒரு வாக்குக்கூட இல்லை. தேசியப் பட்டியலில் ஒரே ஓர் ஆசனம் வைத்திருந்த கட்சியின் தலைவரான ரணில் 134 வாக்குகள் பெற்றார். இரண்டு நாள் கழித்து, விடியும் முன்பே, போராட்டக் களத்துக்குப் படையினர் வந்தார்கள். ‘போ’ என்று கத்துமுன் ‘போனால் யார், எந்த விதிப்படி?’ என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால், அழுத்தம் மாளிகை வாசலோடு நிற்காமல் எம்.பி.க்களின் வாசலுக்கும் போயிருக்கும்.

அடுத்த தவறு, முறையின் குறையை ஒரு தனி ஆளின் குறையாகப் பார்ப்பது. ஆட்சி அதிகாரத்தை ஜனாதிபதியிடம் குவிக்கும் நிறைவேற்று ஜனாதிபதி முறை 1978இல் வந்தது. ஒழிப்போம் என்ற வாக்குறுதி 1994இலேயே கேட்டாயிற்று. 2015இல் அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் அந்த அதிகாரத்தைக் குறைத்தது, 2020இல் 20ஆவது திருப்பிக் கொடுத்தது, 2022 ஒக்டோபரில் 21ஆவது மறுபடி கொஞ்சம் வெட்டியது. முழுதாக நீக்க மூன்றில் இரண்டு, அதாவது 150 வாக்குகள் வேண்டும். அதற்கு மேல் சர்வசன வாக்கெடுப்பும் தேவைப்படும் என்பதே பரவலான சட்டக் கருத்து. ஆகவே கோரிக்கை ‘முறையை மாற்று’ என்றிருந்தால் பிடி கிடைக்காது. எந்த உறுப்புரை, அதற்குப் பதில் என்ன வாசகம், எத்தனை வாக்கு என்று இருக்க வேண்டும்.

பழைய சட்டங்களை ‘பிறகு பார்ப்போம்’ என்று விடுவதும் ஆபத்து. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் தலைப்பிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்றிருக்கிறது! அதை நீக்கச் சொல்லி வடக்கும் கிழக்கும் பல பத்தாண்டுகளாகக் கேட்டன. தெற்கில் பலருக்கு அதன் கனம் தெரிந்தது, 2022 ஓகஸ்டில் மாணவர் தலைவர்கள் அதே சட்டத்தில் தடுத்துவைக்கப்பட்டபோது.

ஆயுதத்தால் மாற்றலாம் என்பவர்கள் அதன் கணக்கையும் பார்க்கலாம். 1971இலும் 1987–89இலும் கிளர்ச்சி செய்து ஆயிரக்கணக்கானோரை இழந்தது இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி. அதன் தலைவர் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானது 2024 செப்டெம்பரில், வாக்குச் சீட்டால். அதற்கு முந்தைய தேர்தலில் அவர் பெற்றது மூன்று சதவீதம் அளவில்தான்.

படிப்படியான மாற்றம் பேசுவோரின் தவறு வேறு: காலக்கெடு இல்லாத பொறுமை. 2014க்குப் பிறகு மாகாண சபைத் தேர்தல் தடைப்பட்டது எந்தப் புரட்சியாலும் அல்ல. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், 2018இல் அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றமே தோற்கடித்தது, புதிய முறையும் இல்லை, பழைய முறைக்குத் திரும்பும் திருத்தமும் இல்லை என்று சபைகள் ஆளுநர்களின் கைக்குப் போயின.