அலாஸ்கா கப்பல் பயணம்: கரையில் இறங்கும் நாளுக்கு எதைத் தேர்வது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கமிருந்து சியாட்டிலிலோ வான்கூவரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் போகும் பெற்றோருக்கு ஏழு நாள் அலாஸ்கா கப்பல் பயணம் இப்போது வழக்கமாகிவருகிறது. கப்பல் டிக்கெட்டைப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள். அடுத்து ஒவ்வொரு துறைமுகத்துக்கும் கரைப் பயணப் பட்டியல் ஒன்று வரும். கயாக் என்ற சிறு துடுப்புப் படகு, மலைநடை, கம்பியில் தொங்கிச் சறுக்கும் ஜிப்லைன், பனியாற்றின் (மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள்) மேல் ஹெலிகாப்டர், திமிங்கிலம் பார்க்கும் படகு என்று எல்லாமே இருக்கும். எல்லாவற்றுக்கும் கண்ணைப் பறிக்கும் படமும் இருக்கும். படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நேரம், தரை, குளிர், உங்கள் முழங்கால் ஆகிய நான்கையும் வைத்து முடிவு செய்யுங்கள். கடைசி ஒன்றை ஊரிலேயே அளந்துவிடலாம்.

புறப்படும் முன் உடம்பை அளப்பது

பட்டியலில் 'எளிது', 'நடுத்தரம்', 'கடினம்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அந்த அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விவரத்தைத் திறந்து மூன்று எண்களைத் தேடுங்கள்: எத்தனை கிலோமீட்டர் நடை, எத்தனை மீட்டர் ஏற்றம், தரை எப்படிப்பட்டது. தூரம் மைலில் இருந்தால் 1.6 ஆல் பெருக்குங்கள். ஏற்றம் அடியில் இருந்தால் 3.3 ஆல் வகுத்தால் மீட்டர் வந்துவிடும். ஒரு மாடி ஏறுவது ஏறக்குறைய 3 மீட்டர்.

உதாரணத்துக்கு ஸ்காக்வே ஊரில் லோயர் டூயி ஏரிப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரை ஒட்டியே தொடங்குவதால் வண்டி வேண்டாம், கட்டணமும் இல்லை. தூரம் 1 கி.மீ.க்குச் சற்று அதிகம்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் 150 மீட்டர் ஏற வேண்டும், அதாவது 50 மாடி. மர வேர்களும் ஈரக் கற்களும் நிறைந்த பாதை. ஏறிவிடலாம். இறங்கும்போதுதான் முழங்கால் பேசும். இதற்கு மாறாக ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாற்றின் அருகே உள்ள நக்கெட் அருவி நடை, போய்வர 3 கி.மீ.க்குச் சற்று மேல், கிட்டத்தட்ட சமதளம். தூரத்தை மட்டும் பார்த்தவர்கள் டூயி ஏரியைத்தான் எளிது என்று நினைப்பார்கள்.

சோதனைக்கு நம் பக்கம் மலைக்குப் பஞ்சமில்லை. இராயக்கோட்டை மலைக்கோ கிருஷ்ணகிரிக் கோட்டைப் பாறைக்கோ தீர்த்தமலைக்கோ பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஒருமுறை ஏறிப் பாருங்கள். கப்பலுக்குக் கொண்டுபோகப் போகும் அதே ஷூவைப் போட்டு, முதுகில் 4 கிலோ பையோடு ஏறுங்கள். மேலே போய் பத்து நிமிடத்தில் மூச்சு சமநிலைக்கு வந்து, மறுநாள் காலை படியிறங்க வலியில்லை என்றால் 'நடுத்தரம்' உங்களுக்கு ஒத்துவரும். மறுநாள் மாடிப்படியில் கைப்பிடியைத் தேடினால் 'எளிது' பக்கமே நில்லுங்கள். அதிலும் பார்க்க நிறைய இருக்கிறது.

கயாக்குக்கு வேறு சோதனை. ஒகேனக்கல் பரிசல் ஏறியவர்கள் இதையும் அப்படியே நினைத்துக்கொள்கிறார்கள். பரிசலில் நாம் சும்மா உட்கார்ந்திருப்போம், ஓட்டுபவர் துடுப்பு போடுவார். கயாக்கில் காலை முன்னால் நீட்டி, இடுப்புவரை குறுகலான குழிக்குள் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் நீங்களேதான் துடுப்பு வலிக்க வேண்டும். வீட்டுத் தரையில் சுவரில் சாய்ந்து, காலை நேராக நீட்டி, முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். தொடையின் பின்பக்கம் இழுக்கிறதா, கால் மரத்துப்போகிறதா என்று கவனியுங்கள். பிறகு கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். கயாக்கிலிருந்து கூழாங்கல் கரையில் இறங்கும் அந்த அரை நிமிடத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டுப் பழகிய நம் பெரியவர்கள் இதில் நன்றாகவே தேறுவார்கள்.

பெரும்பாலும் இருவர் கயாக்தான் தருவார்கள். பின்னால் இருப்பவர் கால் மிதியால் சுக்கானைத் திருப்புவார். முன்னால் இருப்பவர் வேகத்தை வைப்பார், பின்னவர் அதே தாளத்துக்குப் போட வேண்டும். தாளம் தப்பினால் துடுப்போடு துடுப்பு மோதும். பலமுள்ளவர் பின்னால் உட்காருவது நல்லது. துடுப்பைக் கையால் இழுத்தால் அரை மணியில் தோள் சோர்ந்துவிடும். வயிற்றோடு உடம்பைத் திருப்பி வலித்தால் இரண்டு மணி நேரமும் தாங்கும்.

விசா

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இதை முதலில் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பட்டியலில் சில பயணங்கள் இங்கேயே கழிந்துவிடும். சியாட்டிலில் கிளம்பும் கப்பல்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொடி உள்ளவை. 1886இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி அவை வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டே ஆக வேண்டும். அதனால்தான் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை நிற்கின்றன. இறங்கினாலும் இறங்காவிட்டாலும் கனடா விசா வேண்டும். அமெரிக்காவுக்குள் திரும்பி நுழைய, அமெரிக்க விசா பலமுறை நுழைவு அனுமதி உள்ளதாக இருக்க வேண்டும். மகனுக்கு கிரீன் கார்டு இருந்தால் அவருக்குக் கனடா விசா தேவைப்படாது, பெற்றோருக்குத் தேவைப்படும்.

ஸ்காக்வேயில் யூகான் பகுதிக்குப் போகும் பஸ், ரயில் பயணங்கள் எல்லை தாண்டிக் கனடாவுக்குள் போகின்றன. விவரத்தின் அடியில் 'பாஸ்போர்ட் கட்டாயம்' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். பாஸ்போர்ட்டைக் கப்பல் அறையில் வைத்துவிட்டு வந்தால் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், பணமும் திரும்பாது.

நேரக் கணக்கு

காலை 7 மணிக்கு ஜூனோ துறையில் கப்பல் வந்து நிற்கிறது, மாலை 4 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மணி நேரம் கையில் இருப்பதாகத் தோன்றும். கூட்டத்தோடு இறங்கிக் கரை சேர 7:45. கிளம்புவதற்கு அரை மணி முன்பே, 3:30க்கு, எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். சொந்தமாகப் போகிறவர்கள் அதற்கும் ஒன்றரை மணி முன்னால் திரும்பியிருப்பது அவசியம். மிச்சம் ஆறே கால் மணி நேரம்.

மெண்டன்ஹால் பனியாறு கப்பல்துறையிலிருந்து சுமார் 20 கி.மீ. பஸ்ஸில் போக அரை மணி, வர அரை மணி. இரு முனையிலும் வரிசையில் நிற்க இன்னொரு மணி. அருவி வரை நிதானமாக நடந்து, நின்று பார்த்துத் திரும்ப இரண்டு மணி. ஆக நான்கு மணி நேரம் போய்விட்டது. மீதி இரண்டே கால் மணியில் மூன்றரை மணி நேரத் திமிங்கிலப் படகு அடங்காது. இரண்டையும் சேர்த்து விற்கும் பயணம் ஒன்று உண்டு. அதில் நேரம் வெட்டுப்படுவது பனியாற்று நடைக்குத்தான், அருவிவரை போகாமலே திரும்ப நேரும். உடம்பால் செய்யும் காரியம் ஒரு துறைமுகத்துக்கு ஒன்று போதும் என்பது எங்கள் திடமான கருத்து.

'நான்கு மணி நேரம்' என்று போட்டிருக்கும் கயாக் பயணத்தில் வண்டி, ரப்பர் பூட்ஸும் மழையங்கியும் மாட்டுவது, பாதுகாப்பு விளக்கம் எல்லாம் போகத் தண்ணீரில் இருப்பது ஒன்றரை முதல் இரண்டு மணிதான். விவரத்தில் 'தண்ணீரில் எவ்வளவு நேரம்' என்பதைத் தேடுங்கள். இல்லாவிட்டால் கப்பலின் பயண மேசையில் கேளுங்கள்.

கப்பல் வழியாகப் பதிவு செய்தால் விலை கூடுதல். ஆனால் அந்தக் குழு தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்தில் சேர்த்துவிடுவது அவர்கள் பொறுப்பு. தனியாகப் போனவர்களுக்குக் கப்பல் நிற்காது. அங்கே அது சாதாரணச் சங்கடம் இல்லை. ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது, விமானம் அல்லது படகுதான். கெட்சிக்கன் துறைமுகம் ஒரு தீவில் இருக்கிறது. ஸ்காக்வேக்குச் சாலை உண்டு, அது கனடா வழியாகப் போகிறது. எனவே ஊரை விட்டுத் தள்ளிப் போகும் கயாக், ஹெலிகாப்டர், திமிங்கிலப் படகு ஆகியவற்றைக் கப்பல் வழியாக எடுங்கள். ஊரை ஒட்டிய நடைகளைச் சொந்தமாகச் செய்யுங்கள்.

கடிகார விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அலாஸ்கா நேரம் சியாட்டிலைவிட ஒரு மணி பின்னால். செல்போன் தானாக மாறிக்கொள்ளும். கப்பல் மாற்றிக்கொண்டதா என்பது வேறு கேள்வி. சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றில் கப்பல் நேரத்தை வைத்து, அதை மட்டுமே பாருங்கள்.

குளிர், மழை, கடல் நீர்

ஓசூரின் மார்கழி விடியல் எப்படி இருக்குமோ, ஜூனோவில் ஜூலை நண்பகல் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். நம் பக்கம் சராசரி ஆண்டு மழை ஒரு மீட்டரைத் தொடுவதில்லை. கெட்சிக்கனில் மூன்று மீட்டருக்கு மேல் பெய்கிறது. மே, ஜூன் மாதங்களில் மழை ஒப்பீட்டளவில் குறைவு, செப்டம்பரில் அதிகம். மே மாதத்தில் உயரமான பாதைகளில் பனி கிடக்கும்.

பருத்தித் துணி வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஜீன்ஸும் பருத்திதான். உள்ளே பாலியஸ்டர் அல்லது மெல்லிய கம்பளி பனியன், நடுவில் ஸ்வெட்டர், மேலே தண்ணீர் புகாத கோட்டும் பேண்ட்டும் என மூன்று அடுக்கு. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி. குடை காட்டுப் பாதையில் பயன்படாது. புடவை விரும்பும் அம்மாக்கள் ஊருக்குள் சுற்றும் நாளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். கயாக்குக்கும் மலைநடைக்கும் பேண்ட் அவசியம்.

அங்கே கடல் நீர் கோடையிலும் 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காது, அப்போது வாயில் தண்ணீர் போகாமல் பார்ப்பதே வேலை. அடுத்த பத்து நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும், அதற்குள் கயாக்கைப் பிடித்து ஏற வேண்டும். உடம்புச் சூடு இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி ஆகும். லைஃப் ஜாக்கெட்டின் வார்களை இறுக்கிக் கட்டினால்தான் இந்தக் கணக்கு செல்லும். தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள், காதுவரை ஏறினால் தளர்வு.

ஓதமும் பெரிது. சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான். ஜூனோவில் பெரிய ஓத நாளில் 6 மீட்டரைத் தாண்டும். நீர் வற்றிய நேரத்தில் மிதவைத் துறைக்கு இறங்கும் சாய்பாலம் ஏணிபோல் செங்குத்தாகிவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் அன்றைய ஓத நேரத்தைக் கேட்டுவிட்டுப் படகின் நேரத்தைத் தேருங்கள்.

கரடி, சாப்பாடு, மருந்து

பாதையில் கூட்டமாக, பேசிக்கொண்டே நடங்கள். கரடிக்கு முன்கூட்டியே சத்தம் கேட்டால் விலகிப்போகும். எதிர்ப்பட்டால் ஓடக் கூடாது. அமைதியாகப் பேசிக்கொண்டே பின்வாங்குங்கள். ஜூலை, ஆகஸ்டில் சால்மன் மீன் ஏறும் ஓடைக்கரைகளில் கூடுதல் கவனம். கரடி ஸ்பிரேயை விமானத்திலோ கப்பலிலோ கொண்டுபோக விடமாட்டார்கள். வழிகாட்டியோடு போனால் அவர் வைத்திருப்பார்.

பஃபேயில் எடுத்த பழம், சாண்ட்விச், வீட்டுப் புளியோதரை எதுவும் கரைக்குப் போகக் கூடாது. உறை பிரிக்காத பிஸ்கட், முந்திரி பரவாயில்லை, ஆனால் கரடி நடமாடும் பாதையில் பிரித்துத் தின்ன வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் குளுக்கோஸ் மாத்திரையும் இன்சுலினும் கோட்டின் உள்பையில், உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கப்பலிலேயே நன்றாகச் சாப்பிட்டு இறங்குங்கள்.

பதிவு செய்யும் வரிசை

முதலில் ஹெலிகாப்டர், சிறு விமானம் போன்றவை. ஒருவருக்கு 300 டாலருக்கு மேல், இடமும் குறைவு. மூடுபனியில் அடிக்கடி ரத்தாகும். கம்பெனியே ரத்து செய்தால் பணம் திரும்பும், நீங்கள் ரத்து செய்தால் எத்தனை மணி முன்னால் என்பதைப் பொறுத்தது. ரத்தானால் அன்று என்ன செய்வது என்று கையோடு ஒரு நடைப் பாதையைக் குறித்து வையுங்கள். ஹெலிகாப்டரிலும் ஜிப்லைனிலும் எடை வரம்பு உண்டு, உடுத்த உடையோடு அங்கேயே நிறுத்துப் பார்ப்பார்கள். ஜிப்லைனில் கீழ் வரம்பும் இருப்பதால் மெலிந்த பாட்டிக்கும் சிறு பிள்ளைக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஆகஸ்டில் மெண்டன்ஹாலுக்குப் போகிறவர்கள் கிளம்பும் காலையில் நிலவரம் கேளுங்கள். பனியாற்றுப் பக்கத்தில் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு 2023, 2024, 2025 என மூன்று ஆகஸ்டிலும் ஆற்றில் வெள்ளம் வந்தது. கடைசியாக, பெற்றோருக்கு எடுத்த பயண இன்சூரன்ஸில் கயாக், ஜிப்லைன் விலக்கு இருக்கிறதா, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்குப் பொருந்துமா, ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும் செலவு அடங்குமா என்ற மூன்றையும் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.