டிரெட்மில்லில் ஆக்சிஜன் 88 காட்டினால் முதலில் விரலைப் பாருங்கள்

பெங்களூரில் டிரெட்மில் டெஸ்ட் எடுக்கும் அறையில் வேலை செய்கிறேன். அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் நான் தமிழில் பேச ஆரம்பித்ததும் கேட்கும் முதல் கேள்வி, "ஆக்சிஜன் எவ்வளவு இருக்கு தம்பி?" கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த, ஆக்சிஜன் அளக்கும் விரல் கிளிப் விட்டுப்போன பயம் அது.

போன மாதம் ஒரு அக்கா வந்திருந்தார். நோய் எதுவும் இல்லை, பொதுப் பரிசோதனைதான். மூன்றாவது நிமிடம் முடிந்து வேகமும் ஏற்றமும் கூடியதும் முன்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திரையில் ஆக்சிஜன் 96, பிறகு 91, அப்புறம் 88. கணவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நான் பக்கத்து எண்ணைப் பார்த்தேன். ஈசிஜி நாடித்துடிப்பு 138 என்கிறது, கிளிப்போ 74 என்கிறது. "அக்கா, பிடியை விடுங்க, விரலைக் கம்பி மேல சும்மா வைங்க" என்றேன். அரை நிமிடத்துக்குள் கிளிப்பிலும் நாடி 137, ஆக்சிஜன் 97. நுரையீரலுக்கு ஒன்றுமே ஆகவில்லை, நசுங்கியது விரல்தான்.

கிளிப் சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்துகிறது. இதயத் துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்து அளப்பதுதான் அதன் சூட்சுமம். 1970களில் ஜப்பானின் டக்குவோ அயோயாகி கண்டுபிடித்த முறை இது. விரல் நசுங்கினாலும், குளிர்ந்துபோனாலும், கை ஆடினாலும் அந்தத் துடிப்பு கிடைக்காது. கருவி ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். அதனால் ஆக்சிஜன் எண்ணை மட்டும் பார்ப்பதுதான் பெரிய தவறு. நாடி ஈசிஜியோடு ஒத்துப்போகாவிட்டால் அந்த எண்ணை நம்பவே கூடாது. நெயில் பாலிஷையும் வீட்டிலேயே துடைத்துவிட்டு வாருங்கள்.

மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் குறைகிறது என்று நினைப்பது அடுத்த தவறு. ஓடும்போது உடலில் கரியமில வாயுவும் அமிலமும் கூடுகின்றன, அதை வெளியேற்றத்தான் முக்கியமாக அந்த மூச்சு. ஆரோக்கியமானவருக்கு வேகமாக ஓடினாலும் எண் பெரும்பாலும் 95க்கு மேலேயே நிற்கும். ஒன்றிரண்டு புள்ளி இறங்குவது சகஜம். கருவியின் துல்லியமே இரண்டு மூன்று புள்ளி முன்பின் தானே! பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் தம்பிக்கு 98 காட்டுகிறது, எனக்கு 96 தானே என்று கவலைப்பட வேண்டாம்.

அதற்காக எல்லா இறக்கத்தையும் விரல் மேல் போட்டுவிடக் கூடாது. நாடி சரியாகப் பொருந்தி, நாலு புள்ளியோ அதற்கு மேலோ இறங்கி, அப்படியே நின்றால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். கடும் பயிற்சி செய்யும் ஓட்டக்காரர்களில் சிலருக்கு உச்ச வேகத்தில் உண்மையிலேயே இறங்கும். ஆனால் நாம் அந்த வகை என்று நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. அல்சூர் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு அடங்கியதும் கிளிப் மாட்டுகிறவர்கள் உண்டு. இறக்கம் இருந்திருந்தாலும் அதற்குள் எண் ஏறியிருக்கும். டெஸ்டிலும் நடை நின்றதும் கிளிப்பைக் கழற்றாதீர்கள். கருவி சில விநாடிகளின் சராசரியைத்தான் காட்டுகிறது, அதனால் இறக்கம் தாமதமாகவே தெரியும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது 99ஐப் பார்த்து நிம்மதியாகிவிடுவது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறதோ, அதில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டிருக்கிறது என்பது மட்டுமே அந்த எண். 50 சீட் பஸ் நிறைந்தாலும் 100, 20 சீட் வேன் நிறைந்தாலும் 100. புகைபிடிப்பவர்களின் ரத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடையும் கிளிப் ஆக்சிஜன் என்றே எண்ணிக்கொள்ளும். பிஜி விடுதியில் தங்கி வேலைக்குப் போகும் ஒரு பெண், நடந்து முடித்ததும் திரையைக் காட்டிக் கேட்டாள்: "99 தானே அண்ணா, அப்புறம் ஏன் ரெண்டு மாடி ஏறினா இப்படி மூச்சு வாங்குது?" அவள் ஃபைலிலேயே ரத்தப் பரிசோதனைத் தாள் இருந்தது. ஹீமோகுளோபின் 7.8தான், ரொம்பக் குறைவு. அந்தத் தாளை மேலே எடுத்து வைத்து டாக்டரிடம் அனுப்பினேன்.