பைக் பயணத்துக்கு டென்ட் வாங்குவது எப்படி? புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு செய்முறை

டென்ட் வாங்கலாம் என்று யூடியூபைத் திறந்தால் இரண்டு வகை ஆலோசனைதான் கண்ணில் படுகிறது. முதுகில் மூட்டை சுமந்து மலை ஏறுகிறவர்களுக்கு ஒன்று, கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு இன்னொன்று. முதல் வகையினர் நூறு கிராம் குறைவதற்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்வார்கள். இரண்டாம் வகையினருக்கு டென்ட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கவலை இல்லை. பைக்கில் போகிறவருக்கு எடை கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, மடித்த அளவு கூடினால்தான் தலைவலி. தவிர, அந்த வீடியோக்கள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் எடுத்தவை. நமக்கு வெக்கை, கொசு, மலையில் விடியற்காலைப் பனி, ஐப்பசி மழை.

ஒரு டென்டில் நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயங்கள். முளை அடிக்காமலே அது நிற்க வேண்டும். காற்று உள்ளே வந்து வெளியே போக வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

பைக்கின் இரு பக்கமும் தொங்கும் சாடில் பேக் மாட்டுவது, கயிறு கட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் நேராக டென்டுக்கு வந்துவிடுகிறேன்.

1. எங்கே படுக்கப் போகிறீர்கள்?

படத்தில் ஏரிக்கரையும் புல்வெளியும் இருக்கும். நிஜத்தில் நாம் டென்ட் போடும் இடங்கள் வேறு: தாபாவுக்குப் பின்னால் உள்ள சிமென்ட் தளம், நண்பர் வீட்டு மொட்டை மாடி, தெரிந்தவர் தோப்பு, கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் காசு வாங்கிக்கொண்டு இடம் தரும் தோட்டங்கள், சில நாள் பெட்ரோல் பங்க் ஓரம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் டென்ட் போடுவதை யோசிக்கவே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி அருகே டென்ட் முகாமில் தங்கியிருந்த ஒரு பெண் யானை தாக்கி இறந்தார். டென்ட் துணி எந்த விலங்கையும் தடுக்காது. அனுமதி இருக்கும் இடத்தில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் மட்டும் தங்குங்கள்.

மேலே சொன்ன இடங்களில் பாதியில் முளை இறங்காது. அதனால் இரண்டு கம்பிகள் குறுக்கே வளைந்து நிற்கும் டோம் வகைதான் நமக்குச் சரி. டனல் வகை டென்டில் இடம் தாராளமாக இருக்கும், காற்றையும் நன்றாகத் தாங்கும். ஆனால் முளை அடித்து இழுத்துக் கட்டினால்தான் நிற்கும், சிமென்ட் தரையில் அதை நிறுத்த வழி இல்லை. தூக்கிப் போட்டதும் தானே விரியும் பாப்-அப் டென்டை மடித்தால் பெரிய வட்டத் தட்டாக வரும். காருக்கு அருமை, பைக்கில் கட்ட முடியாது.

டோமில் இன்னொரு வசதி உண்டு. மழை இல்லாத நாளில், மழைக்காக மேலே போர்த்தும் மேல் ஷீட்டை விட்டுவிட்டு வலைத்துணி உள்ள உள் டென்டை மட்டும் நிறுத்தலாம். மொட்டை மாடியில் அது நல்ல கொசுவலை. நம் பயணங்களில் டென்ட் அதிகம் உழைப்பது இந்த வேலைக்குத்தான். வாங்குவதற்கு முன் “உள் டென்ட் மட்டும் தனியாக நிற்குமா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2. மடித்த நீளம்

எல்லோரும் எடையைப் பார்க்கிறார்கள், எத்தனை பேர் படுக்கலாம் என்று பார்க்கிறார்கள். மடித்த நீளத்தை யாரும் பார்ப்பதில்லை. துணியை எப்படி வேண்டுமானாலும் சுருட்டி அமுக்கலாம். கம்பியை முடியாது, அது துண்டு துண்டாகத்தான் மடியும். கம்பியின் ஒரு துண்டு எவ்வளவு நீளமோ, அதுதான் உங்கள் டென்டின் நீளம்.

முதலில் டேப்பை எடுத்து உங்கள் பையின் உட்பக்க நீளத்தை அளந்துகொள்ளுங்கள். வெளிப்பக்க அளவு உதவாது. கம்பித் துண்டு 45 செ.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலான சாடில் பேக்கிலும் பின்சீட்டில் கட்டும் டெயில் பேக்கிலும் அடங்கிவிடும். 60 செ.மீ. வந்தால் சீட்டின் மேல் குறுக்கே கட்ட வேண்டியதுதான். கட்டலாம், தப்பில்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஹேண்டில்பார் முனையைத் தாண்டக் கூடாது. லாரிக்கும் தடுப்புக்கும் நடுவில் நுழையும்போது நம் கண் ஹேண்டிலைத்தான் கணக்குப் பார்க்கும், பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது நினைவில் இருக்காது.

நான் சொல்லும் முறை இது. கடையில் தரும் உறையை ஓரமாக வைத்துவிடுங்கள். கம்பிகளைத் தனியாக எடுத்து, பாய் சுருளோடு சேர்த்துக் கட்டுங்கள். உள் டென்டை ஒரு பையிலும் மேல் ஷீட்டை இன்னொரு பையிலும் வையுங்கள். காலையில் மேல் ஷீட் கட்டாயம் ஈரமாக இருக்கும். இரண்டையும் ஒன்றாகச் சுருட்டினால் அன்றிரவு நனைந்த உள் டென்டில்தான் படுக்க வேண்டும். வாய் சுருட்டி மூடும் டிரை பேக் இரண்டு வாங்கிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு எனக்குப் பிடிக்காது. குலுங்கும் சாலையில் தளரும், கழன்றால் பின்சக்கரத்தில் சுற்றும். பக்கிள் வைத்த தட்டைப் பட்டை வாங்குங்கள். சைலன்சர் பக்கம் பை தொங்குகிறதா என்று கையால் தடவிப் பாருங்கள், நைலான் சூடு பட்டால் நொடியில் உருகிவிடும்.

3. எத்தனை பேர் டென்ட்?

அட்டையில் “2 பேர்” என்று போட்டிருந்தால் இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம் என்று அர்த்தம். ரைடிங் ஜாக்கெட், ஹெல்மெட், பூட்ஸ், டேங்க் பேக் எதற்கும் அதில் கணக்கு இல்லை. தனியாகப் போகிறவர் 2 பேர் டென்டும், இருவர் போனால் 3 பேர் டென்டும் எடுங்கள்.

வாங்கும் முன் சாக்பீஸை எடுத்து வீட்டுத் தரையில் டென்டின் தரை அளவை வரைந்து, உங்கள் சாமான் எல்லாவற்றையும் கோட்டுக்குள் வைத்துப் படுத்துப் பாருங்கள். உயரமானவர்கள் நீளத்தை முக்கியமாகப் பார்க்க வேண்டும். சுவர்கள் சாய்வாக வருவதால் தலையும் காலும் துணியில் இடிக்கும். உங்கள் உயரத்தோடு 25 செ.மீ.யாவது கூடுதலாக இருக்கட்டும். நடு உயரம் ஒரு மீட்டருக்குக் குறைந்தால் உட்கார்ந்து ரைடிங் பேன்ட் மாட்டுவது பெரும் சிரமம்.

வாசல் பக்கவாட்டில் இருப்பது நல்லது. தலைமாட்டில் ஒரே வாசல் உள்ள டென்டில் முழங்கால் கவசத்தோடு தவழ்ந்து போய்த் திரும்ப வேண்டும். வாசலுக்கு வெளியே மேல் ஷீட் நீண்டு சின்னத் திண்ணை மாதிரி இருந்தால் பூட்ஸ் அங்கே இருக்கட்டும். காலையில் காலை நுழைக்கும் முன் தலைகீழாகத் தட்டுங்கள், தேள் ஏறி உட்கார்ந்திருக்கும்.

4. “டென்ட் ஒழுகுது” என்று தோன்றும் அந்த விடியற்காலை

இங்கேதான் நிறையப் பேர் டென்டையே வெறுத்துவிடுகிறார்கள், அதனால் நிதானமாகப் போகலாம். ராத்திரி மழை இல்லை. காலையில் எழுந்தால் மேல் ஷீட்டின் உட்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். கை பட்டால் முகத்தில் கொட்டுகிறது. டென்ட் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள்.

அது ஒழுகல் இல்லை, உங்கள் மூச்சும் வியர்வையும்தான். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பது போல, இரவில் குளிர்ந்த துணியில் உள்ளிருக்கும் ஈரக்காற்று பட்டு நீராகிறது. திறந்த வானத்தின் கீழ் துணி வேகமாகக் குளிரும். ஓடை, குளம் பக்கத்தில் காற்றிலேயே ஈரம் அதிகம். நாம் படுக்கத் தேடுவதும் இப்படிப்பட்ட அழகான இடங்களைத்தான் என்பதால் இது அடிக்கடி நடக்கும்.

ஒழுகலா, மூச்சு ஈரமா என்று கண்டுபிடிப்பது சுலபம். துளிகள் ஷீட் முழுவதும் சமமாகப் பரவியிருந்தால் மூச்சு ஈரம். தையல் ஓரமாகவோ ஒரு மூலையில் மட்டுமோ இருந்தால் ஒழுகல்.

இதை முழுவதும் நிறுத்த முடியாது, குறைக்கலாம். வாங்கும்போது இரண்டு அடுக்கு உள்ளதாகப் பாருங்கள்: உள்ளே வலைத்துணி, வெளியே மழை ஷீட், நடுவில் நாலு விரல் இடைவெளி. துளி ஷீட்டில் வழிந்து இறங்கும், உங்கள் மேல் விழாது. உச்சியில் காற்றுப் போக்கி இருக்க வேண்டும், அது கவிழாமல் நிற்கச் சின்னக் குச்சி ஒன்று கூடவே தைத்திருப்பார்கள். ஒற்றை அடுக்கு டென்ட் விலை குறைவு, எடையும் குறைவு. நம் ஊர் ஈரத்துக்கு அது ஆகாது.

போடும்போது கட்டுக்கயிறுகளை இழுத்துக் கட்டி, மேல் ஷீட் உள் துணியில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூறல் இல்லாவிட்டால் கதவு ஷீட்டைப் பாதி சுருட்டிவிடுங்கள். மரத்தடியில் போட்டால் ஈரம் குறையும், ஆனால் தென்னை மரத்தடி வேண்டவே வேண்டாம்.

லடாக் போகிறவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு. மணாலி–லே சாலையில் சர்ச்சூ 4,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே முழு வலை உள் டென்டில் குளிர்காற்றும் புழுதியும் தாராளமாகப் புகும். கீழ்ப்பாதி துணி, மேல்பாதி வலை உள்ளதை எடுங்கள்.

5. மழை எண்கள்

“3000 மி.மீ.” என்று அச்சிட்டிருப்பார்களே, அது துணியின் மேல் அத்தனை உயரத் தண்ணீர் நின்றால்தான் கசியத் தொடங்கும் என்று பொருள். மேல் ஷீட் 2000, தரை 3000 இருந்தால் வடகிழக்குப் பருவமழைக்குப் போதும். தரைக்கு ஏன் கூடுதல் என்றால், ஈரத்தரையில் முழங்கால் ஊன்றும்போது விழும் அழுத்தம் மழைத்துளியைவிட மிக அதிகம். எண்ணைவிடத் தையலைப் பாருங்கள். உட்பக்கம் தையல் மேல் பளபளப்பான டேப் ஒட்டியிருக்க வேண்டும். டேப் இல்லாத டென்டில் 5000 என்று எழுதியிருந்தாலும் ஊசித் துளை வழியே தண்ணீர் வரும்.

6. கம்பியும் முளையும்

பணம் கூடுதலாக இருந்தால் அதை எடை குறைக்கச் செலவிடாதீர்கள், கம்பிக்குச் செலவிடுங்கள். ஃபைபர் கிளாஸ் கம்பி ஒரு நாள் நீளவாக்கில் பிளக்கும், சிலும்பு கையில் ஏறும். அலுமினியம் வளையும், நிமிர்த்தி ஓட்டலாம். எந்தக் கம்பியானாலும் டென்ட் துணியில் அதை நுழைக்கும் உறையிலிருந்து எடுக்கும்போது இழுக்காதீர்கள், தள்ளுங்கள். இழுத்தால் துண்டுகள் உள்ளேயே கழன்று துணியில் சிக்கும். மடிக்கும்போது நடுவிலிருந்து தொடங்கினால் உள்ளிருக்கும் எலாஸ்டிக் ஒரே சீராக இழுபடும், சீக்கிரம் தளராது. கம்பி மேல் நுழையும் சின்ன உலோகக் குழாய் ஒன்றும் இன்சுலேஷன் டேப்பும் பையில் இருந்தால், உடைந்த இடத்தில் செருகிச் சுற்றிப் பயணத்தை முடித்துவிடலாம்.

கூட வரும் கம்பி முளைகள் செம்மண்ணிலேயே வளையும். அலுமினியத்தில் வரும் மூன்று பட்டை முளைகளைத் தனியாக வாங்குங்கள். கடற்கரை மணலில் எந்த முளையும் பிடிக்காது. துணிப்பையில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதைத்தால் அசையாது.

நான் எதை எடுப்பேன்?

முதல் டென்ட் என்றால் டெகாத்லானின் கெச்சுவா எம்ஹெச்100. கட்டுவது எளிது, கடைக்கே போய் விரித்துப் பார்க்கலாம். நீளம் 60 செ.மீ.யை ஒட்டி வரும், ஃபைபர் கிளாஸ் கம்பி, அதைத் தெரிந்தே வாங்குங்கள். அடிக்கடி போகிறவர் என்றால் நேச்சர்ஹைக் போன்ற நிறுவனங்களின் அலுமினியக் கம்பி டென்டுகள். பைக்கையே உள்ளே நிறுத்தும் மோட்டோ டென்டுகளும் உண்டு. ஐந்து, ஆறு கிலோ வரை போகும், கட்டப் பெரிய இடம் வேண்டும். நம் தோப்புக்கும் மாடிக்கும் அவை தேவையில்லை.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

*மழை கொட்டும்போது உள் டென்ட் நனையாமல் எப்படிப் போடுவது?* டோம் வகையின் உண்மையான குறை இதுதான். கீழ்விரிப்பு, கம்பி, மேல் ஷீட் மூன்றை மட்டும் முதலில் நிறுத்த முடிகிற மாடலாக இருந்தால் உள் டென்டைப் பிறகு அடியில் கொக்கி மாட்டித் தொங்கவிடலாம். முடியாத மாடல் என்றால் மேல் ஷீட்டைப் போர்வையாக மூடிக்கொண்டு அதன் அடியில் கம்பியை நுழையுங்கள். இரண்டு பேர் வேண்டும், மாடியில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போங்கள்.

*திண்ணையில் ஸ்டவ் பற்றவைக்கலாமா?* கூடாது. துணி சட்டென்று தீப்பிடிக்கும். மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். மழையானாலும் வெளியே, தனியாகத் தார்ப்பாய் கட்டி அதன் கீழ் சமையுங்கள்.

*பைக்கை டென்டை ஒட்டி நிறுத்தலாமா?* ஈரமண்ணில் சைட் ஸ்டாண்ட் இரவில் மெல்ல இறங்கும். அடியில் தட்டைக்கல் வைத்து, சாய்ந்தாலும் டென்ட் மேல் விழாத தூரத்தில் நிறுத்துங்கள். கட்டுக்கயிற்றைப் பைக்கில் கட்டாதீர்கள்.

*ஒரு வருஷம் பரணில் இருந்த டென்ட் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, புளித்த நாற்றம் வருகிறது.* துணியின் உட்பக்கம் பூசிய பாலியூரித்தேன் ஈரத்தில் சிதைந்துவிட்டது. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும். சிதைந்த பூச்சைத் திரும்பக் கொண்டுவர முடியாது. புது டென்டுக்காவது, வீடு வந்த அன்றே நிழலில் விரித்து நன்றாக உலர்த்தி, உறையில் திணிக்காமல் பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு அலமாரியில் வையுங்கள். பரண் சூடும் ஈரமும் சேர்ந்த இடம், அங்கே வேண்டாம்.

*கீழ்விரிப்புக்குத் தார்ப்பாய் போதுமா?* போதும். டென்ட் தரையைவிடச் சுற்றிலும் ஐந்து செ.மீ. குறைவாக வெட்டிக்கொள்ளுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஷீட்டில் வழியும் மழைநீர் அதில் விழுந்து நேராக உங்கள் அடியில் தேங்கும்.