தண்ணீர் வடிகட்டி மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலைச்சரிவின் ஊற்றிலிருந்து குழாய் வழியே தண்ணீர் எடுக்கும் இலங்கை மலையக வீடுகள் பலவற்றில், நீல நிற உறைக்குள் வெள்ளை உருளை வைத்த வடிகட்டியைக் காணலாம். உருளையை மாற்றுவது கடினமான வேலையல்ல. ஆனால் அதில் காட்டும் கவனக்குறைவு நேராகக் குடிநீரில் போய்ச் சேர்கிறது என்பதால், சில தவறுகளை விரிவாகச் சொல்லத்தான் வேண்டும்.

கடைக்காரர் சொன்ன மாதக்கணக்கை மட்டும் நம்பியிருப்பது முதல் தவறு. ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பகுதிகளில் மே முதல் செப்டெம்பர் வரை நீடிக்கும் தென்மேற்குப் பருவமழையின்போதும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டின் கடைசி மாதங்களில் கொட்டும் மழையின்போதும், ஊற்றுநீரோடு சேறு கலந்து வருவதால், ஆறு மாதம் தாங்க வேண்டிய உருளை சில வாரங்களிலேயே அடைத்துக்கொள்ளும். குழாயில் தண்ணீர் மெலிந்து வந்தால், திகதியைப் பார்க்காமல் உருளையை மாற்றிவிட வேண்டும். மணத்தையும் சுவைக்கேட்டையும் உறிஞ்சும் கரி உருளைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் ஆற்றல் தீர்ந்த பிறகும் தண்ணீர் தாராளமாகவே வரும். ஆகவே அதற்கு மட்டும் திகதியை எழுதி ஒட்டி வைப்பது அவசியம்.

பழைய உருளையைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி மீண்டும் போடுவதும் பரவலான பழக்கம். மேற்பரப்பு வெளுத்துத் தெரிந்தாலும் நுண்சேறு நூலிழைகளின் உட்புறத்திலேயே தங்கிவிடும். தேய்த்த இடத்தில் இழைகள் பிரிந்து வழிவிட்டுவிடும். கழுவிப் பாவிக்கலாம் என்று குறிப்பிட்டு விற்கப்படும் மடிப்பு உருளைகளுக்கு மட்டுமே அது சரி.

உறையைத் திறக்கும்போது நம் நிலத்தின் அமைப்பை மறக்கக்கூடாது. பத்து மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தம் என்பதால், வீட்டுக்கு நாற்பது மீற்றர் மேலே தாங்கி இருந்தால், குழாய்களை மூடிய நிலையில் உறைக்குள் நான்கு பார் அழுத்தம் நிற்கும். வால்வை மூடி, கீழ்க்குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றாமல், உறை இறுகியிருக்கிறதே என்று பெரிய ஸ்பனரால் முறுக்குவது அதை உடைப்பதில்தான் முடியும்.

திறந்த பின், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் மேல்மூடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அல்லது கழுவும்போது சேற்றுநீரோடு போய்விடும். அதைத் துடைத்து, விரல்களுக்கிடையே மெல்ல இழுத்து, மயிரிழை வெடிப்பு உண்டா என்று வெளிச்சத்தில் பார்த்து, சிலிகோன் கிரீஸை மெல்லியதாகத் தடவி, அதன் பள்ளத்தில் முழுமையாக உட்காரவைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவினால் சிலவகை ரப்பர் உப்பிவிடும். பின்னர் கையால் இறுக்கி, கசிந்தால் மட்டும் ஸ்பனரைச் சற்றுத் திருப்பினால் போதும்.

உறையின் அடியில் வழுவழுப்பாகப் படிந்திருக்கும் படலத்தைக் கழுவாமலே புதிய உருளையைச் செருகுவது பலர் செய்வது. சவர்க்காரத்தால் கழுவி, வாசனை சேர்க்காத குளோரின் திரவம் சில துளி கலந்த தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும். புதிய உருளையின் பிளாஸ்டிக் உறையைச் செருகும் கணத்தில்தான் பிரிக்க வேண்டும். கரி உருளையென்றால், கறுப்பு நிறம் நீங்கும்வரை வரும் தண்ணீரைச் செடிக்கு விடலாம்.

இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது, தெளிந்த தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிப்பது. ஐந்து மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உருளை சேற்றைப் பிடிக்கும். ஒன்றிரண்டு மைக்ரோன் நீளமுள்ள கிருமிகளும், அவற்றைவிடச் சிறிய, மஞ்சள் காமாலையை உண்டாக்கும் வைரசும் அதைக் கடந்து போய்விடும். அதற்காக ஒரு மைக்ரோன் உருளையை வாங்கினால், அழுத்தம் குறைந்த இடங்களில் தண்ணீர் மிக மெலிந்து வரலாம், வைரசும் நிற்காது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். கிருமிகளை அழிக்க அந்தச் சூடும் போதும் என்றாலும், குமிழ் எழுந்தவுடன் இறக்காமல் மூன்று நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, அதே பாத்திரத்தில் மூடியபடி ஆறவைக்க வேண்டும்.