லாவெண்டருக்குப் பொருந்தாத சேர்மானங்கள்

லாவெண்டர் சேர்த்த இனிப்பை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, சோப்பு வாசனை அடிக்கிறது என்று சொல்பவர்கள் தவறாகச் சொல்லவில்லை. அந்தப் பூவின் மணத்துக்கு ஆதாரமான லினலூல், லினலைல் அசிடேட் ஆகிய இரண்டையும் சோப்பு, சலவைத் தூள், வாசனைத் திரவியம் செய்பவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருவதால், நம் மூக்கு அவற்றைக் குளியலறையோடு சேர்த்துத்தான் நினைவில் வைத்திருக்கிறது. அந்த நினைவை எழுப்பாமல் லாவெண்டரை உணவாக உணரச் செய்வது, எவ்வளவு போடுகிறோம் என்பதைப் போலவே எதனோடு போடுகிறோம் என்பதையும் பொறுத்தது. நான் பார்த்த வரையில், பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் அளவு மட்டுமல்ல. துணைக்குத் தேர்ந்தெடுத்த பொருளும்தான்.

இதைப் பூ என்று நினைத்து, பூ மணமுள்ள பொருள்களையே துணைக்குச் சேர்ப்பது முதல் தவறு. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர்கள் வந்திருந்த ஒரு மாலைக்காக நான் லாவெண்டர் குல்பி செய்தேன். ஒரு லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சி, அதில் ஒரு மேசைக்கரண்டி உலர்ந்த மொட்டுகளையும், ஆறு ஏலக்காயையும், இரண்டு தேக்கரண்டி ரோஜாப் பன்னீரையும் சேர்த்தேன். மூன்றும் மணமான பொருள்கள்தானே, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்று நம்பினேன். என் அத்தை ஒரு வாய் எடுத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நல்லாத்தான்மா இருக்கு, ஆனா சளி பிடிச்சா நெஞ்சுல தடவுற தைலம் மாதிரி ஒரு வாசனை வருதே” என்றார்.

அவர் சொன்னது மிகச் சரி. ஏலக்காயின் மணத்தில் பெரும்பங்கு வகிக்கும் சினியோல் என்ற பொருள்தான் நம் வீடுகளில் இருக்கும் நீலகிரித் தைலத்திலும் முதன்மையானது. லாவெண்டரிலும் அது சிறிதளவு உண்டு. தனியாக இருக்கும்போது தெரியாத அந்தக் காரம், ஏலக்காயின் துணை கிடைத்ததும் மேலே வந்துவிட்டது. பன்னீரோ ஏற்கெனவே இருந்த பூ மணத்தின் மேல் இன்னொரு பூ மணத்தை ஏற்றி, நாக்குக்கு ஓய்வே கொடுக்காமல் செய்துவிட்டது. அடுத்த முறை அதே அளவு பாலில் அரைத் தேக்கரண்டி மொட்டு மட்டும் போட்டு ஊறவைத்து வடிகட்டி, ஏலக்காயையும் பன்னீரையும் விட்டுவிட்டு, பாதாம் விழுதும், பால் நன்றாக ஆறிய பிறகு கொஞ்சம் எலுமிச்சைத் தோல் துருவலும் சேர்த்தேன். அத்தை இரண்டாவது குல்பியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

உண்மையில் லாவெண்டர் துளசி, புதினா, ரோஸ்மேரி, தைம் ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்த செடி. எனவே அதை மல்லிகையைப் போல அல்லாமல், துளசியைப் போலக் காரமும் கசப்பும் உள்ள மூலிகையாகக் கருதினால், துணையைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும். ஆனால் இங்கேயும் ஓர் இடறல் இருக்கிறது. ஒரே குடும்பம் என்பதற்காக எல்லா மூலிகைகளும் அதனோடு ஒத்துப்போவதில்லை. ரோஸ்மேரியில் கற்பூர மணமும் சினியோலும் மிகுதி. அதையும் லாவெண்டரையும் சம அளவில் சேர்த்தால் உணவு மருந்துக் கடையை நினைவூட்டும். புதினாவோடு சேர்த்தால் பற்பசை மணம் வரும். தைம் அப்படியல்ல, அதன் மணம் நம் ஓமத்தின் மணத்தோடு உறவுடையது, லாவெண்டரின் இனிப்பான பக்கத்தைத் தரையில் நிறுத்தி வைக்கும். பூண்டு, தைம், ஒரு சிட்டிகை லாவெண்டர், ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றைத் தடவிச் சுட்ட ஆட்டிறைச்சியில் பூ மணம் என்று எதையும் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. இறைச்சியின் கொழுப்பு அந்த மணத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்வதே அதற்குக் காரணம்.

‘எர்ப் து புரொவான்ஸ்’ என்ற பெயரில் விற்கப்படும் தென்பிரெஞ்சு மூலிகைக் கலவையில் லாவெண்டர் இருந்தே ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நாட்டுப் பாரம்பரியக் கலவையில் தைம், ரோஸ்மேரி, சேவரி, ஓரிகானோ போன்றவையே முதன்மை; அமெரிக்கச் சந்தைக்கான கலவைகளில்தான் லாவெண்டர் பெரிதும் இடம்பிடித்தது. லாவெண்டர் வயல்களுக்குப் பெயர்பெற்ற நாட்டுச் சமையலே அதை அவ்வளவு அடக்கமாகக் கையாள்கிறது என்பது கவனிக்கத் தக்கது.

அந்த வயல்களைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் சேர்மானம் கெடுவதற்கு வகைத் தேர்வும் காரணமாகிறது. தென்பிரான்ஸின் புரொவான்ஸ் பகுதியில் நாம் படங்களில் பார்க்கும் ஊதா வரிசைகளில் பெரும்பகுதி லாவண்டின் என்ற கலப்பினம்; சோப்பு, சலவைப் பொருள்களுக்காக வளர்க்கப்படுவது. சமையலுக்கு உகந்தது ‘அங்குஸ்டிஃபோலியா’ என்ற வகை. அதன் எண்ணெயில் கற்பூரம் ஏறத்தாழ ஒரு சதவீதம் அல்லது அதற்கும் குறைவாகவே இருக்கும். லாவண்டினில் அது பல மடங்கு. ஜம்மு-காஷ்மீரின் பதர்வா பகுதியில் உழவர்கள் மக்காச்சோளத்தை விட்டு லாவெண்டருக்கு மாறியிருப்பதால், உள்நாட்டிலேயே நல்ல உலர்மொட்டு கிடைக்க வழி பிறந்திருக்கிறது. வாங்கும்போது பெயரைப் பார்க்க வேண்டும். தொட்டியில் வளர்ப்பதற்காக விற்கப்படும் செடிகளில், இலை விளிம்பு பல் பல்லாக இருந்தால் அது டென்டாட்டா வகை; பூங்கதிரின் உச்சியில் முயல் காது போல இதழ்கள் நீட்டிக்கொண்டிருந்தால் ஸ்டோகாஸ் வகை. இரண்டும் வெயிலைத் தாங்கும், பார்க்க அழகு, ஆனால் பாயசத்துக்கு ஆகாது. பச்சைக் கற்பூரம் ஒரு துகள் கூடினாலும் சர்க்கரைப் பொங்கல் என்ன ஆகும் என்று தெரிந்த நமக்கு, இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அலங்காரப் பைகளில் விற்கும் உலர்பூக்களில் செயற்கை மணமோ பூச்சிமருந்தோ இருக்கலாம். நறுமண எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் உணவில் விடுவதும் கூடாது; அது செறிவு மிகுந்த பொருள், விழுங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

புளிப்பே இல்லாத இனிப்பில் லாவெண்டரைச் சேர்ப்பது அடுத்த பெருந்தவறு. கண்டென்ஸ்டு மில்க், வெள்ளைச் சாக்லேட், வெனிலா மூன்றும் சேர்ந்த கலவையில் லாவெண்டர் போட்டால், கனத்த இனிப்பு அந்த மணத்தை அடக்குவதற்கு மாறாக வாசனைத் திரவியம் போலத் தூக்கிக் காட்டும். அந்தக் கனத்தை வெட்டப் புளிப்பு வேண்டும். எலுமிச்சை, ஆப்ரிகாட், புளூபெர்ரி, சற்றே புளித்த தயிர், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி ஆகியவை அந்த வேலையைச் செய்கின்றன. எலுமிச்சை வகைகளோடு உள்ள பொருத்தத்துக்கு ஓர் அடிப்படையும் உண்டு: ஏர்ல் கிரே தேநீருக்கு மணம் தரும் பெர்கமாட் பழத்தின் தோலிலும் இதே லினலூலும் லினலைல் அசிடேட்டும் இருக்கின்றன. நம் அடுக்களையின் கொத்தமல்லி விதையிலும் லினலூல்தான் முதன்மை மணப்பொருள். வறுக்காத மல்லி விதை நான்கைந்தை நசுக்கி எலுமிச்சை, லாவெண்டர் பிஸ்கட் மாவில் சேர்த்துப் பாருங்கள். கற்பூரக் காரம் கூடாமல், ஆரஞ்சுத் தோல் போன்ற ஒரு துலக்கமான மணம் மட்டும் கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த சேர்மானம் அதுதான்.

மொட்டுகளைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிடுவதும் நல்ல சேர்மானத்தைக் கெடுத்துவிடும். பால் ஓரத்தில் சிறு குமிழிகள் விடத் தொடங்கியதும் அடுப்பை அணைத்து, மொட்டுகளைப் போட்டு மூடிவைக்க வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் மூடியைத் திறந்தால் காய்ந்த வைக்கோலும் தேனும் கலந்தது போன்ற மணம் வரும். பத்தாவது நிமிடத்தில் அது நிறைவடையும். இருபது நிமிடம் கழித்துச் சுவைத்தால் நாக்கின் பின்பக்கம் ஆறிப்போன தேநீர்க் கசப்பு பிடித்துக்கொள்ளும், அதன் பிறகு எவ்வளவு தேன் ஊற்றினாலும் போகாது. கொழுப்பு மணத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும் என்பதால், தண்ணீரில் ஊறவைப்பதைவிடப் பாலிலோ வெண்ணெயிலோ குறைவான மொட்டு போதும். மொட்டுகளை முழுதாக மாவில் விட்டுவிட்டால் பல்லில் உமி போல் தட்டுப்படும். சர்க்கரையோடு பொடித்துச் சலிப்பது நல்லது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலர்ந்த லாவெண்டர் உணவை ஊதாவாக்காது. பாலுக்கு மங்கலான சாம்பல் சாயலே வரும். நிறம் வரவில்லையே என்று மேலும் மேலும் மொட்டுகளைப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊதா வேண்டுமானால் சங்குப்பூ ஊறிய நீரில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் போதும், மணத்தில் அது குறுக்கிடாது.

சுவை பார்க்கும் நேரத்திலும் கவனம் தேவை. சூடாக இருக்கும் பாலில் சரியாகத் தெரியும் அளவு, உறைந்த பனிக்கூழில் சற்று மங்கும். ஆனால் வெண்ணெய் பிஸ்கட்டில் நேர்மாறாக, சுட்ட அன்று மெல்லியதாக இருந்த மணம் டப்பாவில் ஓர் இரவு மூடிவைத்த பின் தெளிவாகக் கூடியிருக்கும். அதனால் விருந்துக்குச் செய்வதற்கு இரண்டு நாள் முன்பே ஐந்தாறு பிஸ்கட் மட்டும் சுட்டு, மறுநாள் காலை வெறும் வயிற்றில் ஒன்றைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மீதி மாவுக்கு லாவெண்டர் அளவை முடிவு செய்கிறேன்.