டிப்மேன் 98 மார்க்கரில் காற்று கசிகிறதா? எந்த இடத்தில் சீறுகிறது என்று முதலில் பாருங்கள்

பெயின்ட்பால் ஆட வரும் புதியவர்கள் பலரின் கையில் முதலில் கிடைக்கும் மார்க்கர், அதாவது பெயின்ட் உருண்டைகளைச் சுடும் துப்பாக்கி, டிப்மேன் 98 கஸ்டம். தரையில் போட்டு மிதித்தாலும் தாங்கும். ஆனால் காற்று டேங்க்கைத் திருகியதும் 'உஸ்ஸ்ஸ்' என்ற சத்தம் வந்தால், உடனே திருகாணிகளைக் கழற்றி மொத்தத்தையும் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். அது வேண்டாத வேலை. கசியும் இடம் தெரிந்தாலே எந்த உறுப்பு பழுது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது சில ரூபாய் பெறும் ஒரு ஓ-ரிங்தான் (கசிவைத் தடுக்கும் வளையம்).

தொடங்கும் முன்

பெயின்ட்பால் முகக்கவசம் போடுங்கள். ஹாப்பரை (உருண்டைகள் போடும் குடுவை) கழற்றி, உள்ளே தங்கிய உருண்டைகளை எடுத்துவிட்டு, பேரல் (குழல்) உறையை மாட்டுங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பேரலுக்குள் எட்டிப் பார்க்கவே கூடாது.

டேங்க்கைக் கழற்றும்போது முக்கால் சுற்று திருகி நிறுத்துங்கள். டேங்க்கின் ஊசி வால்வு இப்போது மூடியிருக்கும். மார்க்கருக்குள் மிச்சமிருக்கும் காற்றைப் பத்திரமான திசையில் சுட்டுத் தீர்த்துவிட்டு, பிறகு மீதியைக் கழற்றுங்கள். உள்ளே அழுத்தம் இருக்கும்போதே ஒரே மூச்சில் கழற்றுவதால்தான் ஓ-ரிங் கிழிகிறது.

இன்னொன்றும் உண்டு, இதில் விளையாட்டே கூடாது. டேங்க்கைத் திருப்பும்போது பாட்டில் மட்டும் சுற்றி, அதன் கழுத்தில் உள்ள வால்வு மார்க்கரிலேயே நின்றுவிட்டால் உடனே நிறுத்துங்கள். வால்விலிருந்து பாட்டில் கழன்று பறந்து உயிர்ப்பலி நேர்ந்திருக்கிறது. வால்வையும் பாட்டிலையும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகியிருந்தால் அந்த டேங்க்கைத் தொடாமல், காற்று நிரப்பும் இடத்தில் உள்ள தொழில்நுட்பரிடம் விட்டுவிடுங்கள்.

படி 1: போல்ட்டை இழுத்துவிட்டு டேங்க்கை மாட்டுங்கள்

டேங்க்கை மாட்டியதும் பேரல் வழியே காற்று ஓடுகிறதா? பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். போல்ட் (மார்க்கருக்குள் முன்னும் பின்னும் ஓடும் உலோகத் துண்டு) முன்னால் கிடந்தால் அது வால்வுத் தண்டை அழுத்திக்கொண்டிருக்கும், காற்று நேராக வெளியே போகும். காக்கிங் கைப்பிடியைப் பின்னால் இழுத்து மாட்டிய பிறகு டேங்க்கைத் திருகுங்கள். டேங்க் கிட்டத்தட்ட காலியாக இருந்தாலும் இப்படி நடக்கும், நிரம்பிய டேங்க் போட்டுப் பாருங்கள்.

படி 2: நுரை வைத்துத் தேடுங்கள்

வீட்டு கேஸ் சிலிண்டருக்குச் செய்கிற அதே சோதனைதான். பாத்திரம் கழுவும் திரவத்தில் சில சொட்டு எடுத்து அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி, சின்னத் தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். காற்று போகும் வழியிலேயே போங்கள்: டேங்க் கழுத்து, அது மாட்டும் அடாப்டர், ஹோஸின் இரு முனைகள், ஹோஸ் உடம்புக்குள் நுழையும் இடம். குமிழி எழும் இடம்தான் கசிவு. கடைசியாக, பேரல் உறையை எடுத்துவிட்டு பேரல் முனையின் எதிரே ஒரு டிஷ்யூத் துண்டைப் பிடியுங்கள். அது படபடத்தால் கசிவு பேரல் வழியாக.

படி 3: டேங்க் ஓ-ரிங்

குமிழி டேங்க் கழுத்தில் வந்தால் மாற்ற வேண்டியது 015 அளவு ஓ-ரிங். உள்விட்டம் 14 மி.மீ., தடிமன் 1.78 மி.மீ. கடையில் சாதாரணக் கறுப்பு ரப்பர் கொடுத்தால் வாங்காதீர்கள். 90 கடினத்தன்மை கொண்ட பாலியூரித்தேன் கேளுங்கள். டேங்க்கில் காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு இருந்தால் அது சாதாரண ரப்பருக்குள் ஊறிவிடும். அழுத்தம் சட்டென்று இறங்கும்போது உள்ளே ஊறிய வாயு விரிந்து, ஓ-ரிங் உப்பிப் கொப்புளம் போட்டு வெடிக்கும். நல்ல ஓ-ரிங்கை விரலால் உருட்டினால் வழவழப்பாக ஓடும். பழையதில் ஒரு பக்கம் தட்டையாகி, ஓரத்தில் நகம் மாட்டும் அளவுக்குச் சின்ன வெட்டு இருக்கும்.

பழையதைக் கழற்ற ஊசியோ ஸ்க்ரூடிரைவரோ வேண்டாம், பல்குச்சி போதும். பள்ளத்தில் கீறல் விழுந்தால் அடுத்த ஓ-ரிங்கும் கசியும். புதிதாகப் போட்டதும் திரும்பத் திரும்பக் கிழிகிறது என்றால் ஓ-ரிங்கைக் குறை சொல்லாதீர்கள். அடாப்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், உலோகப் பிசிறு இருக்கும்.

படி 4: ஹோஸ் இணைப்புகள்

கழற்றி, பழைய பசையைச் சுரண்டித் துடைத்து, மரையில் நீல நிற த்ரெட்லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு முறுக்கி, 24 மணி நேரம் காய விடுங்கள். பிளம்பர்கள் சுற்றும் டெஃப்லான் டேப் இங்கே வேண்டாம். அதன் நூல் பிய்ந்து வால்வுக்குள் போய்ச் சிக்கினால் புதிதாக இன்னொரு கசிவு வரும். டேங்க் மாட்டும் மரையில் பசை, டேப் எதுவுமே படக் கூடாது.

படி 5: பேரல் வழிக் கசிவு

வால்வை மூடும் கப் சீல் தேய்ந்திருக்கலாம், அல்லது தூசியோ உருண்டைத் தோலோ அதில் ஒட்டியிருக்கலாம். பிரிக்கும் முன் ஒரு முயற்சி: அடாப்டருக்குள் பெயின்ட்பால் எண்ணெய் நான்கைந்து சொட்டு விட்டு, டேங்க்கை மாட்டி, உருண்டை இல்லாமல் இருபது முப்பது தடவை சுடுங்கள். அழுக்கு நகர்ந்து சீல் உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்தது. டபிள்யூடி-40 போன்ற ஸ்ப்ரேயோ பெட்ரோலிய எண்ணெயோ வேண்டாம், சீல்கள் கெட்டுவிடும்.

நிற்கவில்லையா? டேங்க்கைக் கழற்றி, ட்ரிக்கரை அழுத்தி போல்ட்டை முன்னால் விடுங்கள். இழுபட்ட நிலையில் பிரித்தால் ஸ்பிரிங் பாய்ந்துவிடும். திருகுகள் மேலே பார்க்கக் கிடத்தி, அவற்றைக் கழற்றி, மேல் பாதியை மெதுவாகத் தூக்குங்கள். எதையும் அசைக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வால்வை வெளியே எடுத்து, கப் சீலின் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வட்டத் தடம் முழுதாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் அறுந்தாலோ வெட்டு இருந்தாலோ மாற்றுங்கள். கையோடு வால்வின் ஓ-ரிங்குகளையும் மாற்றிவிடுங்கள், இதற்காக மறுபடி பிரிக்க வேண்டியிராது.

பின் போல்ட்டில் உள்ள ஓ-ரிங் தேய்ந்தால் தொடர்ந்து சீறாது. சுட்டபின் போல்ட் பின்னால் போய் நிற்காது, அல்லது தானாகப் படபடவென்று சுடும். கசிவு இல்லாமல் இந்தக் குணம் மட்டும் இருந்தால் வால்வை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

வால்வைத் தொட்டபின் வேகம் மாறியிருக்கும். களத்தில் இறங்கும் முன் உருண்டையின் வேகம் அளக்கும் க்ரோனோகிராஃபில் சுட்டு, வினாடிக்கு 300 அடியைத் தாண்டாமல் வேகத் திருகைச் சரிசெய்யுங்கள். உங்கள் களம் அதைவிடக் குறைவாக வைத்திருந்தால் அந்த அளவுக்கு இறக்குங்கள்.